வட்ஸ்அப்பில் வந்த உறுதி

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன், கட்டாரில் வேலை செய்கிறேன். ஆரையம்பதியில் வீடு கட்ட 20 பேர்ச் வளவு ஒன்று பார்த்திருக்கிறோம். தரகர் காணி உறுதி, பிளான், பதிவகப் பக்கத்தின் பிரதியான எக்ஸ்ட்ராக்ட் மூன்றையும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். உறுதி 1986இல் விற்பவரின் தகப்பனார் பெயரில் முடித்தது. தகப்பனார் இப்போது இல்லை, தாயார் இருக்கிறார். விற்பவருக்கு ஒரே ஒரு சகோதரி, கனடாவில். அவருக்கு ஆட்சேபனை இல்லையாம். ஒரு கிழமைக்குள் ஐந்து லட்சம் அட்வான்ஸ் போடச் சொல்கிறார்கள். அதற்கு முன் காணி யாருடையது என்று ஒன்லைனில் பார்க்க முடியுமா? யூடியூப்பில் காட்டிய மாதிரி சர்வே நம்பர் போட்டுத் தேடினேன், நம்முடைய ஊர் வரவில்லை. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு ஏக்கர் வயலும் மலிவாக வந்திருக்கிறது. அது ஒப்பக் காணி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

தம்பி,

நீங்கள் பார்த்தது தமிழ்நாட்டு வீடியோ. அங்கே வருவாய்த் துறை வைத்திருக்கும் பட்டா, சிட்டா விபரங்களை மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் என்று வரிசையாகத் தட்டிப் போனிலேயே பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றும் எடுக்கலாம். அந்தப் பட்டியலில் இலங்கையின் மட்டக்களப்பு எப்படி வரும்? இங்கே பட்டா என்ற ஒன்றே கிடையாது. ஆனாலும் "சேர், எங்கட வளவுக்குப் பட்டா எடுக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டுக்கொண்டு என் கந்தோருக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் யூடியூப் செய்கிற வேலை.

அங்கே நிலத்துக்கு நம்பர் இருக்கிறது. இங்கே உறுதிக்குத்தான் நம்பர். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நம்முடைய காணிப் பதிவகங்கள் பதிவது ஆவணங்களை. இன்னார் இன்னாருக்கு இந்தக் காணியை இந்தத் திகதியில் எழுதினார் என்று புத்தகத்தில் ஏறும், அவ்வளவுதான். எழுதியவருக்கு அந்தக் காணி உண்மையில் சொந்தமா என்று பதிவாளர் விசாரிப்பதில்லை, சட்டம் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை. 1998இல் உரித்துப் பதிவுச் சட்டம் என்று வேறொன்று வந்தது. 'பிம் சவிய' என்ற பெயரில் 2007 முதல் சில பகுதிகளில் நிலத்தை அளந்து, துண்டுக்கு நம்பர் போட்டு, உரித்துச் சான்றிதழே கொடுக்கிறார்கள். உங்களிடம் வந்திருப்பது 1986ஆம் ஆண்டு உறுதி என்பதால் அந்தக் கதையை இங்கே விடுவோம்.

ஒன்லைன் விஷயத்துக்கு வருகிறேன். பதிவாளர் நாயகம் திணைக்களம் 'ஈ-லேண்ட்' என்ற பெயரில் பதிவகங்களை ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றி வருகிறது. நல்ல வேலை. ஆனால் திரையில் வந்தாலும் கையில் வந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது அதே பதிவுப் புத்தகத்தின் அதே பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாவிட்டால், டோகாவில் இருந்து பார்த்தால் என்ன, மட்டக்களப்புப் பதிவகத்து வாங்கில் இருந்து பார்த்தால் என்ன? உங்கள் விஷயத்தில் வீட்டில் இருந்து ஒருவரைப் பதிவகத்துக்கு அனுப்புவதுதான் நல்லது. புத்தகத்தைத் தேடிப் பார்க்கக் காணி உரிமையாளராக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்துக்குத்தான் ஃபோலியோ என்று பெயர். (காலை முடமாக்கும் நோய் வேறு. ஒரு அம்மா என்னிடம், "எங்கட காணிக்குப் போலியோவாம் தம்பி, சுகமாகுமா?" என்று கேட்டிருக்கிறார்.) பக்கத்தின் தலையில் காணியின் விபரம் இருக்கும்: எந்த ஊர், எந்தப் பற்று, காணிக்குப் பெயர் இருந்தால் அது, நான்கு எல்லை, விஸ்தீரணம். அதன் கீழ் கட்டம் கட்டமாக, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், எழுத்தின் தன்மை, உறுதி இலக்கமும் திகதியும், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், பதிவாளரின் ஒப்பம், குறிப்பு. எழுத்தின் தன்மை என்ற கட்டத்தை நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். அறுதி விற்பனையா, நன்கொடையா, ஈடா (அடமானமா), குத்தகையா, சாகும்வரை ஆளும் சீவிய உரித்து வைத்துக்கொண்டு எழுதியதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நீதிமன்றம் போட்ட தடையும், வழக்கு நடக்கிறது என்ற அறிவித்தலும் அங்கேதான் ஏறும். அப்புறம் ஒரு விஷயம்: ஒரு பக்கம் நிறைந்துவிட்டால் பதிவு வேறொரு பக்கத்துக்குப் போகும். எங்கே போகிறது என்பதைப் பழைய பக்கத்தின் அடியில், "கொண்டு செல்லப்பட்டது" என்று தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் போட்டுக் குறித்திருப்பார்கள்.

இப்போது உங்கள் எக்ஸ்ட்ராக்ட் போட்டோவைப் பார்ப்போம். தலைப்பகுதி தெளிவாக இருக்கிறது. மூன்று பதிவு வாசிக்க முடிகிறது, மூன்றாவது தகப்பனாரின் 1986ஆம் ஆண்டு அறுதி. அதற்குக் கீழே தாளின் கடைசி இரண்டு அங்குலம் போட்டோவில் இல்லை. இடது மூலையில் யாரோ ஒருவரின் பெருவிரல் நகம் மட்டும் தெரிகிறது. எக்ஸ்ட்ராக்ட் எடுத்த திகதியும் இரண்டு வருடம் பழையது. தரகர் வேண்டுமென்று மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. போன் கமராவுக்குள் நீளமான தாள் அடங்குவது கஷ்டம்தான். ஆனால் எனக்குத் தேவையான இரண்டு அங்குலம் அதுதான்.

சரி, முழுத் தாளும் வந்து, புதுத் திகதியில் எடுத்து, அடியில் ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒன்லைன் ஆசைக்குப் பெரிய அடி. ஃபோலியோவில் மரணம் பதிவாகாது. தகப்பனார் இறந்து எத்தனை வருடம் ஆனாலும், அதற்குப் பிறகு ஒரு உறுதியோ நீதிமன்றக் கட்டளையோ பதியப்படாதவரை, புத்தகத்தைப் பொறுத்தவரை காணி இன்னும் அவருடைய பெயரில்தான் இருக்கும். நீங்கள் தேடினால் "1986, இன்னார், ஈடு இல்லை, தடை இல்லை" என்று அழகாக வரும். அதை நம்பி மகனிடம் எழுதி வாங்கினால் காணியில் முக்கால்வாசி உங்களுக்கு வராது.

கணக்கைச் சொல்கிறேன். தேசவழமை என்ற மரபுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது. மட்டக்களப்பில் ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது, இன்று அது வழக்கில் இல்லை. ஆகவே மட்டக்களப்புத் தமிழ்க் குடும்பத்துக்குப் பொதுச் சட்டம், அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒருவர் மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தால் அவருடைய ஆதனத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் 20 பேர்ச்சில் தாயாருக்கு 10, மகனுக்கு 5, கனடாவில் இருக்கும் மகளுக்கு 5. மகன் மட்டும் ஒப்பம் வைத்தால் நீங்கள் ஐந்து லட்சம் அட்வான்ஸும் மிகுதிக் காசும் கொடுத்து வாங்குவது பிரிபடாத கால் பங்கு. அதை வைத்துக்கொண்டு அத்திவாரம் கூட வெட்ட முடியாது. பிரித்தெடுக்க 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரிவிடல் வழக்குப் போட வேண்டும், அது எத்தனை வருடம் இழுக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (முஸ்லிம் குடும்பத்தின் காணியாக இருந்தால் பங்குக் கணக்கு முற்றிலும் வேறு. அவர்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது.)

அதனால் தகப்பனாரின் மரண அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் விவாகப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். முதல் தாரம், இரண்டாம் தாரம் என்று ஏதும் இருந்ததா என்று ஊரில் விசாரியுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் விசாரியுங்கள். மரணசாதனம் எழுதினாரா என்பதும் தெரிய வேண்டும். எழுதியிருந்தாலோ, விட்டுச் சென்ற சொத்து சட்டம் குறித்த பெறுமதிக்கு மேல் இருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடிந்திருக்க வேண்டும். "இவர்தான் வாரிசு" என்று கிராம உத்தியோகத்தர் தந்த கடிதத்தைத் தரகர் காட்டினால் வாங்கி மரியாதையாக மடித்து வையுங்கள். அது உரித்தைக் கொடுக்காது.

இன்னொன்று, சட்டப் புத்தகத்தில் இல்லாதது. எங்கள் பகுதியில் வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பது இன்றைக்கும் நடக்கிற வழக்கம். ஒரேயொரு பெண் பிள்ளை உள்ள வீட்டில், தகப்பன் பெயரில் இருந்த வளவை ஆண் பிள்ளை விற்க நிற்கிறார் என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, இந்த வளவைத் தகப்பன் மகளுக்குச் சீதனமாக எழுதவில்லையா என்பதுதான். எழுதியிருக்கலாம். அந்தச் சீதன உறுதி உங்களுக்கு வராத அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கலாம். அல்லது வேறொரு ஃபோலியோவில் இருக்கலாம்.

வேறொரு ஃபோலியோ எப்படி வரும்? இதை நான் சொந்தத் தவறு ஒன்றில் இருந்து கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வளவு ஒன்று பார்த்துக் கொடுத்தேன். ஃபோலியோ கண்ணாடி மாதிரி இருந்தது, உறுதியும் முடித்தாயிற்று. நாலு மாதம் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது: அந்த வளவு ஈட்டில் இருக்கிறதாம். பிறகு பார்த்தால், விற்றவரின் முந்திய உறுதி ஒன்றில் காணியின் பெயர் வேறு மாதிரி, வடக்கெல்லைக்காரர் இறந்து அவருடைய மருமகன் பெயர் போட்டிருந்தது. பதிவகத்தில் அது வேறு காணி என்று நினைத்துப் புதுப் பக்கம் திறந்துவிட்டார்கள். ஒரே மண்ணுக்கு இரண்டு பக்கம். ஈடு இருந்தது நான் பார்க்காத பக்கத்தில். அந்த ஆசிரியை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது போல இருந்தது. அன்றிலிருந்து ஃபோலியோ இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதில்லை. விற்பவர், அவருடைய தகப்பன், தாய் எல்லோருடைய பெயரிலும் பதிவகத்தின் பெயர்ச் சுட்டியில் (இன்டெக்ஸ்) பார்ப்பேன். முந்திய உறுதிகளில் இருக்கும் பதிவு இலக்கங்களைப் பிடித்துப் பின்னால் போவேன். 30 வருடத்துக்குக் குறையாமல் பார்ப்பது வழக்கம், வங்கிக் கடனுக்கும் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் காணியில் 1986க்கு முந்திய காலத்துக்கும் போக வேண்டும், ஏனென்றால் தகப்பனாருக்கு விற்றவருக்கு அது எப்படி வந்தது என்பது முதல் இரண்டு பதிவில் இருக்கிறது. அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் "நான் இத்தனை வருடமாக ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட டிக்ளரேஷன் உறுதி இருந்தால் எனக்கு அதே இடத்தில் இருந்து சொல்லுங்கள். அதற்கு மேல் யோசித்துத்தான் நடக்க வேண்டும்.

உறுதியின் மூலம் தொலைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். 1978 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி எல்லாம் கண்ட ஊர் இது, தொலைந்திருக்கும்தான். ஆனால் அதற்காக ஒன்றும் நின்றுவிடாது. நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூன்று பிரதி உண்டு: மூலம் வாங்கியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோப்புக் கட்டுக்குள், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு. உங்களுக்குக் காட்டிய உறுதியையும் பதிவகத்துப் பிரதியோடு வைத்து வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

கனடாச் சகோதரிக்கு வருவோம். "ஆட்சேபனை இல்லையாம்" என்ற 'ஆம்' இருக்கிறதே, அதை வைத்து உறுதி முடிக்க முடியாது. அவர் வந்து ஒப்பம் வைக்க வேண்டும், அல்லது தனக்குப் பதிலாக ஒப்பம் வைக்க இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டும். தத்துவத்தில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், இங்கே பதிந்திருக்க வேண்டும், பிறகு இரத்துச் செய்திருக்கக் கூடாது. கொடுத்தவர் இறந்தால் அன்றோடு அது செல்லாது. இதையெல்லாம் விட எளிதான வேலை ஒன்று உங்களிடம் இருக்கிறது: அவருடைய நம்பரை வாங்கி வீடியோ கோல் எடுத்து, "அக்கா, ஆரையம்பதி வளவை நான் வாங்கப்போறன், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பது. ஒன்லைனில் இதுதான் உங்களுக்குச் சரியான தேடல். அவர் கனேடியப் பிரஜையாகிவிட்டாலும் தகப்பன் சொத்தில் பங்கு போகாது. வாங்குவதற்குத்தான் தடை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்கு இங்கே காணி எழுத முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் எழுதலாம். நீங்கள் கட்டாரில் வேலை செய்தாலும் இந்நாட்டுப் பிரஜை, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி மண்ணுக்கு இறங்குவோம். உறுதியின் அட்டவணையில் 22 பேர்ச் என்று இருக்கிறது. பிளானில் 20.4. தரகர் 20 என்கிறார். ஒன்றரைப் பேர்ச்சுக்கு மேல் எங்கே போனது? மேற்கெல்லையைப் பாருங்கள்: "வாவி". வாவிப் பக்கம் எல்லை என்றால் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் ஒதுக்கு நிலம் இருக்கும், அது அரசுக்குரியது. யார் எழுதினாலும் உங்களுக்கு வராது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கடல் பக்கம் என்றால் உயர் நீர்க் கோட்டில் இருந்து 300 மீற்றர் அதன் வலயம், கடலோடு சேரும் வாவிகளுக்கும் அது ஒரு எல்லை வரை பொருந்தும். அனுமதி இல்லாமல் கட்டினால் உடைக்கச் சொல்வார்கள். ஆகவே அந்தப் பிளானை நம்பாமல் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைப் பிடித்துப் புதிதாக அளவுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்துக்காரருக்கும் சொல்லி வையுங்கள். அவர் சங்கிலி பிடிக்கும்போது பக்கத்து வளவுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தத் தென்னையடி எங்கட" என்று சொல்லும் ஒரு வார்த்தைக்கு அளவுக் கூலி முழுவதையும் கொடுக்கலாம். இன்னும் பழைய உறுதிகள் என்றால் பேர்ச் கணக்கே இருக்காது, "வடக்குத் தெற்கு இத்தனை பாகம்" என்று நீளக் கணக்கு இருக்கும். அம்பாறைப் பக்கம் 1961க்கு முந்திய உறுதிகளில் மட்டக்களப்பு மாவட்டம் என்றே போட்டிருப்பார்கள். அப்போது இரண்டும் ஒரே மாவட்டம், பயப்பட ஒன்றும் இல்லை.

தரகர் அனுப்பிய சின்ன வீடியோவில் இன்னொன்று கண்டேன். கிணற்றடிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு குடில். அதற்கும் தென்னைக்கும் நடுவே கொடி கட்டி, மூன்று வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. காவலுக்கு இருக்கும் குடும்பம் என்று தரகர் சொல்வார். எத்தனை வருடமாக? 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி உரிமையாளருக்கு எதிராக, தடையில்லாமல், 10 வருடம் தனக்கென்று ஆண்டுவந்தவர் உரித்துக் கோரலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அது சும்மா கிடைத்துவிடாது, உண்மை. ஆனால் அதற்காக நீதிமன்றம் ஏறி அலைய வேண்டியது அப்போது நீங்கள். (யுத்தத்தால் தங்கள் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துவிடும் விசேட சட்டம் ஒன்று 2016இல் வந்தது. அது உங்களுக்குப் பொருந்தும் விஷயமாகத் தெரியவில்லை.) குடிலில் இருப்பவர்கள் எழும்பி வளவு வெறுமையான பிறகு உறுதி முடியுங்கள். "உறுதி முடித்ததும் எழும்புவார்கள்" என்பது ஊரெல்லாம் கேட்கும் வாக்கு. அந்தக் குடும்பத்தோடும் ஒருமுறை மனிதராகப் பேசிப் பாருங்கள், அவர்களிடம் வேறு கதை இருக்கும்.

ஒன்லைனில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். வாவிக் கரை எங்கே இருந்தது, அந்த வளவு ஒரு காலத்தில் வயலோ சதுப்போ ஆக இருந்து நிரப்பியதா, குடில் எந்த வருடத்தில் முளைத்தது என்று கண்ணால் காணலாம். அரசு காணி எடுக்கும் சுவீகரிப்பு அறிவித்தல்கள் அரச வர்த்தமானியில் வரும், அரசாங்க அச்சகத்தின் தளத்தில் தமிழிலேயே வாசிக்கலாம். இவற்றை நீங்கள் கட்டாரில் இருந்தே வெள்ளிக்கிழமை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். வீதிக்கோடு, சோலைவரி நிலுவை, துண்டு பிரிக்க அனுமதி எடுத்தார்களா என்பதற்குப் பிரதேச சபைக்கு நேரே போகத்தான் வேண்டும்.

நாவிதன்வெளி வயல் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். கல்லோயாத் திட்டத்தில் கொலனிகளாகப் பகிர்ந்த பக்கம் அது, ஒப்பக் காணி என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தந்த அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ இருக்கும். சொர்ணபூமி, ஜயபூமி என்று சிங்கம் போட்ட தாள் கையில் இருந்தாலும் அது சாதாரண உறுதி மாதிரி இல்லை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. சத்தியக்கடதாசி முடித்துத் தருகிறேன் என்பார்கள், உங்களுக்கு முந்தி நாலு பேர் அப்படி வாங்கியதாகவும் சொல்வார்கள். அந்த நாலு பேரும் இன்றைக்கும் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் வேறொருவரின் பெயரில்தான் பயிர் செய்கிறார்கள். 2024இல் தொடங்கிய 'உறுமய' திட்டத்தில் முழு உரித்து வரப்போகிறது என்றும் ஒரு பேச்சு வரும். வயலை விற்பவருக்கு அது வந்து, பதிந்து, கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அப்போது பேசலாம். வயலை நிரப்பி வீடு கட்டும் எண்ணமும் இருந்தால் அதையும் விடுங்கள், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதி இல்லாமல் நிரப்ப விடாது.

கடைசியாக அந்த ஐந்து லட்சம். காணி வாங்கல் விற்றலுக்கு மட்டுமில்லை, வாங்குவோம் விற்போம் என்ற வாக்குறுதிக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். 1840ஆம் ஆண்டில் இருந்து இருக்கும் சட்டம். முத்திரை ஒட்டிய துண்டில் "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று வாங்கி வைத்தால், காணியை உங்களுக்கு எழுதும்படி அவரை வற்புறுத்த அது உதவாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு அலையலாம், அவ்வளவுதான். தாயார், மகன், சகோதரியின் தத்துவக்காரர் மூவரும் ஒப்பம் வைத்த நொத்தாரிசு உடன்படிக்கைக்குப் பிறகு காசு போடுங்கள், அதையும் பதியுங்கள். உறுதி முடிந்த அன்றைக்கோ மறுநாளோ பதிவுக்குக் கொடுங்கள். உங்கள் உறுதி பெட்டிக்குள் இருக்க, அதே காணியைப் பிறகு காசு கொடுத்து வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்துவிட்டால், மோசடி என்று நீங்கள் நிறுவாதவரை அவருடைய உறுதிதான் முந்தும். பதிவுக்குக் கொடுக்கப்போகும் காலையிலும் ஃபோலியோவை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள், நாட்பதிவேட்டையும் சேர்த்து. கொடுத்தும் பக்கத்தில் இன்னும் ஏறாத ஆவணங்கள் அதற்குள்தான் இருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அட்வான்ஸ் இப்போது இல்லை என்று தரகருக்குச் சொல்லிவிட்டு, எக்ஸ்ட்ராக்ட்டை மேசையில் விரித்து அடிப்பகுதியோடு இன்னொரு போட்டோ கேளுங்கள். அது வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் மச்சானையோ மனைவியையோ பதிவகத்துக்கு அனுப்புங்கள். உறுதியின் முதல் பக்கத்தில் பதிவு முத்திரைக்குள் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கின்றன, உங்கள் போட்டோவில் அது மங்கல். மூலத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள், காலையில் வெள்ளெனப் போனால் நல்லது. முழு எக்ஸ்ட்ராக்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அந்த முதல் இரண்டு பதிவில் இருந்து தொடங்குவோம்.